மைக் மதினியின் அமைதிப் பகுதி

மைக் மதினி மட்டும் கொஞ்சம் முந்திப் பிறந்திருந்தால் தந்தி, டெலிபோன், வாட்ஸ்அப் எதையும் யாரும் மெனக்கெட்டுக் கண்டுபிடித்திருக்க வேண்டியதில்லை. மேற்கே மலையடிவாரத்தில் மாங்காய் பறிக்கிறவருக்கும் கிழக்கே கண்மாய்க்குள் மாடு மேய்க்கிறவருக்கும் ஒரே சேதியை ஒரே மூச்சில் சொல்ல அவர் ஒருத்தர் போதும். டவர் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம்.

ஊர் எது என்று மட்டும் கேட்காதீர்கள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை எழுதினால் மதினியின் மறுப்பு கடிதமாக வராது, மைக்கில் வரும். அதைத் தாங்குகிற வயசு எனக்கு இல்லை.

நான் எங்கள் நகராட்சியில் மன்றப் பிரிவு கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன். கூட்டத்தில் கவுன்சிலர்கள் பேசுவதைக் கேட்டு எழுதுவது என் வேலை. மற்ற கவுன்சிலர்கள் பேசும்போது காதைத் தீட்டிக்கொண்டு எழுதுவேன், பாதி விட்டுப்போகும். மதினி பேசும்போது காதைப் பொத்திக்கொண்டு எழுதுவேன், ஒரு வார்த்தை தவறாது.

மதினிக்குப் பிழைப்பு மைக்செட். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கட்சிக் கூட்டம் என்று எது நடந்தாலும் அவருடைய ஸ்பீக்கர் பெட்டிதான். அவர் கணவரை ஊரே ஆப்பரேட்டர் என்று சொல்லும். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து திருகைத் திருகுவதோடு சரி, வாயைத் திறக்க மாட்டார். வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் மனைவியே பேசித் தீர்த்துவிடுவதால் அவருக்கென்று மிச்சம் எதுவும் இருக்காது.

மற்றப் பெண்கள் இடுப்பில் சுருக்குப்பை செருகுவார்கள். மதினி கார்ட்லெஸ் மைக் செருகியிருப்பார். காலையில் காபி குடித்த கையோடு மாடியில் இருக்கும் பெட்டி உயிர் பெற்றுவிடும்.

"ஹலோ, ஹலோ. குழாயில தண்ணி வருது. கொடத்தை வரிசையில வச்சிட்டு ஊர்வம்பு பேசப் போனவிய வந்து எடுத்துக்கோங்க. இன்னொரு அறிவிப்பு. ஆப்பரேட்டர் அவர்கள் எங்கிருந்தாலும் ஒடனே வீட்டுக்கு வரவும். தோசை ஆறுது."

அவர் குடியிருக்கும் வார்டில் எல்லோருக்கும் அவர் மதினி. அவருக்கும் அங்கே இருக்கும் ஆண்கள் எல்லோரும் "கொழுந்தனாரே"தான். பல்லில்லாத கிழவரும் கொழுந்தனார், பல் முளைக்காத பிள்ளையும் கொழுந்தனார். வார்டுக்கு வெளியே உள்ளவர்களை மட்டும் "சார்" என்பார். என்னையும் "கிளார்க் சார்" என்றுதான் சொல்வார். அந்த சாரில் ஒரு கம்பிவேலி இருக்கும்.

நகராட்சித் தேர்தலில் அந்த வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. இரண்டு பெரிய கட்சிகள் இரண்டு பெண்களை நிறுத்தின. மதினி சுயேச்சையாக நின்றார். இரண்டு கட்சிகளுக்கும் ஆட்டோவில் கட்டிக்கொண்டு போக மைக்செட் வேண்டும், பேசக் குரல் வேண்டும். அக்கம்பக்கத்தில் மதினியை விட்டால் வேறு ஆளில்லை. மதினியும் தொழில் வேறு, போட்டி வேறு என்று இரண்டு ஆர்டரையும் எடுத்துக்கொண்டார். கட்சிக்காரர்கள் எழுதிக்கொடுத்ததை ஒரு எழுத்து விடாமல் படிப்பார். படித்து முடித்ததும், "இம்புட்டு நேரம் பேசுனது அவிய துட்டுக்கு. இனிமே ரெண்டு வார்த்தை ஓசியில நான் பேசுதேன்" என்று ஆரம்பிப்பார். தெருவே வாசலுக்கு வந்துவிடும். இரண்டு கட்சிகளும் செலவு செய்து மதினியை ஜெயிக்க வைத்தன.

முதல் கூட்டத்தில் அவருக்குக் கடைசி வரிசையில் இடம் போட்டோம். கடைசி வரிசை மைக்குகள் எனக்கு நினைவு தெரிந்த நாளாக ஊமை. அதை ஒரு வசதியாகவே எல்லோரும் வைத்திருந்தார்கள். மதினி மைக்கைத் தட்டிப் பார்த்தார், சத்தமில்லை. அடுத்த நிமிஷம் ஆளைக் காணோம். தலைவர் மணியை அடித்து, "புது உறுப்பினர் எங்கே போனாங்க?" என்றார்.

மேஜைக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "இருங்க தலைவரே, கிரவுண்டு வயரு விட்டிருக்கு. ஏ கிளார்க் சார், அந்த ஸ்குரூ டிரைவரை எடுங்க."

மைக்குகள் எல்லாம் பேச ஆரம்பித்தன. அதுதான் வினை. டீ வருவதற்குள் முடிகிற கூட்டம் அன்றைக்குப் பொழுது சாயும் வரை ஓடியது. வாய் திறந்தே பார்க்காத கவுன்சிலர்களெல்லாம் சாக்கடை, தெருவிளக்கு, பன்றி என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதி எழுதி என் விரல் வீங்கிப்போனது.

இப்போது அந்த வார்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரை ரயில் தண்டவாளம் இரண்டாகப் பிரிக்கிறது. நடுவில் ஒரு ரயில்வே கேட். கேட்டுக்கு இங்குட்டு கடைவீதி, பஸ் ஸ்டாண்டு, தேரடித் தெரு, நான். கேட்டுக்கு அங்குட்டு தறி ஓட்டுகிறவர்கள், மில் வேலைக்குப் போகிறவர்கள், மதினி. தேரடித் தெருவில் நான் ஒரு தும்மல் போட்டால் நாலு வீடு தள்ளியிருக்கும் டாக்டர் ஜன்னலைத் திறந்து பார்ப்பார். கிளினிக், லேப், மருந்துக்கடை எல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கிற தெரு அது. அங்குட்டுக் காய்ச்சல் வந்தால் பெட்டிக்கடைதான். மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்து பாட்டிலில் மாத்திரை இருக்கும், கடைக்காரர் கைக்கு எது அகப்படுகிறதோ அதுதான் வைத்தியம்.

பெரிய ஆஸ்பத்திரி பஸ் ஏறிப் போகிற தூரம். காலையில் போய் வரிசையில் நின்று திரும்பினால் அன்றைக்குத் தறி நின்றுவிடும். தறி நின்றால் அடுப்பு நின்றுவிடும். அதனால் அங்குட்டு எல்லா நோயையும் அடுத்த வாரம் பார்ப்பார்கள். ஆப்பரேட்டருக்கு ஒரு நாள் காலில் ஸ்பீக்கர் பெட்டி விழுந்து சின்னக் காயம். சர்க்கரை இருப்பதே அவருக்குத் தெரியாது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் பாதத்தையே எடுக்கும்படி ஆகிவிட்டது. அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். எங்கெங்கோ இருக்கும் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போகிறது. நெய்கிறவன் காலில் ஒரு புண் வந்தால் பார்த்துக் கட்ட ஆளில்லை.

இந்த நிலைமையில்தான் எங்கள் நகராட்சிக்கு ஒரு நலவாழ்வு மையம் கிடைத்தது. டாக்டர், நர்ஸ், மருந்து எல்லாம் இலவசம், சாயங்காலமும் திறந்திருக்கும். நகராட்சியின் சுகாதாரத்துக்குப் பொறுப்பான நகர்நல அலுவலர் நல்ல மனிதர், டாக்டருக்குப் படித்தவர். நர்ஸுகளை வீடு வீடாக அனுப்பி பிரஷர், சர்க்கரை பார்க்கச் சொல்லி, அதை வைத்து ஊர்ப்படம் ஒன்றுக்குக் கலர் அடித்துக் கூட்டத்தில் மாட்டினார். எந்தத் தெருவில் ஆரோக்கியம் இருக்கிறது, எந்தத் தெருவில் இல்லை என்று பார்த்தவுடன் தெரியும். மதினி எழுந்து போய்ப் படத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் சார், எங்க வார்டுக்கு மட்டும் மிளகாப்பொடி கலர் அடிச்சிருக்கீய?"

"நோய் இருந்தும் வைத்தியம் பார்க்காதவங்க அதிகமா இருக்கிற இடம்மா அது. நல்லாப் பார்த்துக்கிறவங்க இருக்கிற இடம் பச்சை."

"பச்சையில இருக்க மகராசன்க யாரு?"

"தேரடித் தெரு."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஊர் ஆரோக்கியத்தையெல்லாம் நான்தான் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போன மாதிரி.

"சரி, ஆஸ்பத்திரி எங்க வருது?"

நகர்நல அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தேரடித் தெருவுலதாம்மா. பழைய வாசகசாலை காலியா இருக்கு. உங்க பக்கம் நகராட்சிக்குச் சொந்தமா ஒரு சுவர்கூடக் கிடையாதே."

"செவப்புல நோவு, பச்சையில மருந்தா? தலை வலிச்சா முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பீயளோ?"

அப்போது எங்கள் தெருக் கவுன்சிலர் எழுந்தார். பேண்டேஜ் துணிக் கம்பெனி வைத்திருப்பவர் என்பதால் ஊரில் அவருக்கு பேண்டேஜ் ஐயா என்று பெயர். "இங்குட்டு இருந்தா என்ன? நடந்து வரட்டும். நடந்தா சுகர் கொறையும்னு டாக்டரே சொல்றாருல்ல?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"எங்க வீட்டுக்காரரு எதை வச்சு நடப்பாரு?" என்றார் மதினி.

தலைவர் அவசரமாக மணியை அடித்தார். கூட்டம் அதோடு ஒத்திவைக்கப்பட்டது.

அன்று சாயங்காலம் ரயில்வே கேட் பக்கத்தில் மதினியின் பெட்டி வைக்கப்பட்டது. "கொழுந்தனாருமாரு, கொழுந்தியாமாரு எல்லாருக்கும் சொல்லுதேன். வாற அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குள்ள கேட்டுக்கு அங்குட்டு ஒரு டாக்டர் வந்து உக்காரணும். உக்காரலைன்னா, பொறவு இந்த மைக்கை நான் தொட மாட்டேன். இது சத்தியம்!"

ஊர் திகைத்துப்போனது. குசுகுசுவென்று சொன்ன சத்தியம் என்றால் மறந்துவிடலாம். மலையில் பட்டுத் திரும்பி வந்த சத்தியத்தை எங்கே ஒளிப்பது? பேண்டேஜ் ஐயா மட்டும் அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டதாகக் கேள்வி. பங்குனிக்குப் பிறகு காது குளிர்ந்துவிடும் என்ற சந்தோஷம்.

அதற்கப்புறம் கேட் அடைக்கிற நேரமெல்லாம் மதினியின் நேரமாகிவிட்டது. கேட் அடைத்தால் யாரும் எங்கேயும் போக முடியாது. லாரி, டிராக்டர், கிருஷ்ணன்கோவிலுக்குப் போகிற காலேஜ் பஸ் எல்லாம் வரிசையில் நிற்கும். அத்தனை பேரும் மதினி பேசுவதைக் கேட்டே ஆக வேண்டும். ஒரு நாள் அந்த வரிசையில் எங்கள் ஆணையரின் ஜீப் வந்து மாட்டிக்கொண்டது. ஆணையர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், சின்ன வயசு, ஊருக்குப் புதுசு. மதினியைப் பார்த்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டார். பாவம், கண்ணாடியை நம்பியிருக்கிறார்.

"ஆணையர் அவர்களுக்கு வணக்கம். இப்போ ஒங்களுக்கு நெஞ்சு லேசா வலிக்குதுன்னு வச்சுக்கோங்க."

"வலிக்கலைங்க!" என்று ஜீப்புக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"ஒரு பேச்சுக்குத்தான் சொல்லுதேன். முன்னால பார்த்தா கேட்டு அடைச்சிருக்கு. பின்னால பார்த்தா லாரி. பக்கத்துல பார்த்தா புண்ணாக்குக் கடை. நெஞ்சு வலி கூடுது. என்ன செய்வீய?"

இதில் முன்பாதியைக் கேட்காமல் பின்பாதியை மட்டும் கேட்டவர்கள் நிறையப் பேர். ஆணையருக்கு நெஞ்சு வலி என்று வரிசையின் கடைசி வரை சேதி போய்விட்டது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆபத்து என்றால் பொறுக்காது. ஒருத்தர் ஜீப் கதவைத் திறந்தார், இரண்டு பேர் ஆணையரை அலாக்காகத் தூக்கிப் புண்ணாக்குக் கடை பெஞ்சில் படுக்க வைத்தார்கள். ஒரு அம்மா முறத்தால் விசிறினார். ஒருத்தர் சோடாவை உடைத்தார். ஆணையருக்குப் பயத்தில் வியர்த்துக் கொட்டியது.

"ஐயையோ, வேர்க்குதே! நெசமான அட்டாக்குதான்!"

"ஏலே, கேட்டைத் தொறலே!"

"ரயிலு வருதுவே, எப்படித் தொறக்க?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மதினி ஓடி வந்தார். ஆணையர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் மைக் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. "மதினி, ப்ளீஸ் மதினி, எனக்கு ஒண்ணுமே இல்லைன்னு சொல்லுங்க மதினி!" என்று கெஞ்சியது ஊர் முழுக்க ஒலிபரப்பானது.

மதினியின் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க கொழுந்தனாரே!" என்றார். ரயில் வந்து போன சத்தம்கூட அந்தச் சிரிப்பில் கேட்கவில்லை.

ஆணையர் நல்ல பிள்ளை. கோபித்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போயிருக்கலாம். கேட் திறந்த பிறகும் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மைக்கைக் கவனமாகத் தள்ளி வைத்துவிட்டு, "அங்க ஒரு நல்ல கட்டடம் காட்டுங்கம்மா. தண்ணி, கரண்ட், கக்கூஸ் இருக்கணும். நகராட்சி பேருக்கு எழுதிக் கொடுத்தா மையத்தை அங்கேயே வைக்க மன்றத்துல கேட்கிறேன்" என்றார்.

அங்குட்டு அப்படிப்பட்ட கட்டடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மதினியும் ஆப்பரேட்டரும் சிறுகச் சிறுகச் சேர்த்து வீட்டை ஒட்டிக் கட்டிய மைக்செட் குடோன். மழை பட்டால் பெட்டி கெட்டுவிடும் என்று வீட்டைவிட உறுதியாகக் கட்டியிருந்தார்கள். மதினி இரண்டாவது யோசனை செய்யவில்லை. பெட்டிகள் எல்லாம் வீட்டுக்குள் வந்தன. ஆப்பரேட்டர் இரண்டு பெட்டிக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டார். விருந்தாளி வந்தால் ஆம்ப்ளிஃபயர் மேல்தான் உட்கார வேண்டும், அதுவும் சூடாக இருக்கும்.

மன்றத்தில் தீர்மானம் வந்த அன்று ஆப்பரேட்டரும் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து பார்வையாளர் இடத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது. பேண்டேஜ் ஐயா எழுந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

"தலைவரே, எனக்கு ஆட்சேபணை கிடையாது. ஒரே ஒரு சந்தேகம். ஆஸ்பத்திரியைச் சுத்தி அமைதிப் பகுதின்னு சட்டம் இருக்குல்ல? அங்க ஸ்பீக்கர் போடலாமா?"

நகர்நல அலுவலர் எழுந்தார். அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. "போட முடியாதுதான். மதினி வீடு சுவரை ஒட்டி இருக்கு. வெளியே விசேஷங்களுக்குச் செட்டு கட்டிப் போகலாம். அந்தத் தெருவுல மட்டும் சத்தம் கூடாது. சட்டம் அப்படித்தாம்மா, நான் என்ன செய்ய?"

"ஆக, டாக்டர் வரலைன்னா சத்தியத்தால மைக்கு போச்சு, வந்தா சட்டத்தால மைக்கு போச்சு" என்றார் பேண்டேஜ் ஐயா. "மதினியம்மா நல்லா யோசிச்சுச் சொல்லட்டும். வாசகசாலை இன்னும் காலியாத்தான் இருக்கு."

காலையில் தண்ணீர் வருவதைச் சொல்கிற குரல், காணாமல் போன ஆட்டைக் கூப்பிடுகிற குரல், ஆப்பரேட்டருக்குத் தோசை ஆறுகிறது என்று சொல்கிற குரல், எல்லாம் அந்தத் தெருவில் இனி இல்லை. மதினி திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

ஆப்பரேட்டர் கட்டையை ஊன்றி எழுந்தார். பார்வையாளர்கள் பேசக் கூடாது என்பது விதி. தடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

"ஏட்டி, வயரைச் சுத்திருவோம்" என்றார்.

விசேஷம் நல்லபடியாக முடிந்ததும் மைக்செட்காரர்கள் சொல்கிற வார்த்தை அது. மதினி தலையை ஆட்டினார். மைக்கின் சுவிட்சை அணைத்து மேஜைமேல் வைத்தார்.

"சம்மதம்."

மைக்கை அணைத்துவிட்டு அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மெல்லிய குரல், கொஞ்சம் கரகரப்பு. அரங்கம் முழுக்கக் கேட்டது. ஒரு கை உயர்ந்தது, பிறகு எல்லாக் கைகளும் உயர்ந்தன. பேண்டேஜ் ஐயாவும் கையைத் தூக்கினார். தலையைச் சொறியத்தான் தூக்கினார் என்று பின்னால் சொன்னார். நான் அதற்குள் ஒருமனதாக நிறைவேறியது என்று எழுதிவிட்டேன்.

பங்குனிப் பொங்கல் கொடியேற்றத்துக்கு முன்பே மையம் திறந்தது. எங்கள் ஊர் சரித்திரத்தில் மைக் இல்லாமல் நடந்த ஒரே திறப்பு விழா அதுதான். பெரிய மனிதர்கள் வரிசையாக எழுந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். முன்வரிசைக்கு மேல் ஒரு சொல் கேட்கவில்லை. பேசுகிறவர்களுக்கே சலித்துப்போய், ஆளுக்கு இரண்டு வார்த்தையோடு உட்கார்ந்துவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரம் முடிந்த விழாவை யாரும் கண்டதில்லை. ஜனங்கள் கைதட்டிய தட்டில் அமைதிப் பகுதி ஒரு நிமிஷம் ஆடிப்போனது. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் ஆளாக ஆப்பரேட்டரை உட்கார வைத்து ரத்தம் எடுத்தார்கள். மதினி வாசலில் நின்று அழுதார், சத்தமில்லாமல்.

பொங்கலன்று முளைப்பாரி ஊர்வலம் வந்தது. முன்னால் மேளம், பின்னால் ஜெனரேட்டர் வண்டியில் மதினியின் பெட்டிகள். அந்தத் தெரு முனைக்கு வந்ததும் மதினி கையை உயர்த்தினார். பாட்டு நின்றது. மேளக்காரர்கள் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். குலவை போட வாயைக் குவித்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தலையில் முளைப்பாரியோடு அத்தனை பேரும் கொலுசு குலுங்காமல் நடந்து மையத்தைக் கடந்தார்கள். அடுத்த முனை வந்ததும் எல்லாம் ஒன்றாக வெடித்தது பாருங்கள், மலையே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கும்.

இப்போது மதினி சாயங்காலமானால் வீடு வீடாகப் போகிறார். மைக்கில் கூப்பிட்டு வராதவர்கள்கூட, அவர் வாசலில் வந்து இடுப்பில் கை வைத்து நின்றால் பேசாமல் எழுந்து வந்துவிடுகிறார்கள். தறியை நிறுத்திய பிறகு வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை வாங்கி, சமைக்கப் போய்விடுகிறார்கள். ஆப்பரேட்டரின் இன்னொரு காலில் சின்னதாக ஒரு புண் வந்தது. அன்றைக்கே நர்ஸ் பார்த்துக் கட்டுப் போட்டார், ஆறிவிட்டது. காலில் கட்டியிருந்த அந்தத் துணியை மதினி தெருவில் ஒவ்வொருவராகக் கூட்டி வந்து காட்டினார். அவர்கள் நெய்த துணி அவர்கள் காலில் ஏறியது அதுதான் முதல் தடவையாம்.

ஒரு நாள் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு பேண்டேஜ் ஐயா வந்தார். தேரடித் தெருவில் வைத்தியம் பார்த்தால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற கூச்சம். பிரஷர் எகிறியிருப்பதைப் பார்த்த நர்ஸ் அவரை எழுந்திருக்கவே விடவில்லை. மதினி பக்கத்தில் உட்கார்ந்து மோர் கொடுத்தார். ஊருக்கெல்லாம் சொல்கிற அந்த வாய் இதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. பேண்டேஜ் ஐயாவே என்னிடம் வந்து, "அந்த அம்மா யார்ட்டயும் சொல்லலைய்யா" என்று ஆச்சரியப்பட்டதால்தான் எனக்குத் தெரியும். மறு மாதம் மையத்துக்குத் தேவையான பேண்டேஜ் எல்லாம் அவர் கம்பெனியிலிருந்து பில் இல்லாமல் வந்து இறங்கியது.

நகர்நல அலுவலர் மறுபடியும் ஊர்ப்படம் போட்டார். கேட்டுக்கு அங்குட்டு இன்னும் பச்சை வரவில்லை. மிளகாய்ப்பொடி மஞ்சள்பொடி ஆகியிருக்கிறது. மதினி அதைப் பார்த்துவிட்டு, "அடுத்து கொத்தமல்லிக் கலருக்கு வந்துரும், இருங்க" என்றார்.

ரிட்டயர் ஆன பிறகு எனக்கும் பிரஷர் வந்தது. பக்கத்து வீட்டு டாக்டரை விட்டுவிட்டு நானும் கேட்டைத் தாண்டித்தான் போகிறேன். போன வாரம் போயிருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தேன். யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஊரையே எழுப்புகிற குரல், எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு இறங்கி வந்தது.

"மாத்திரையை ஒழுங்காப் போடுதீயளா, கொழுந்தனாரே?"

சாரும் இல்லை, கம்பிவேலியும் இல்லை. "போடுறேன், மதினி" என்றேன்.